வெளியுணவும் சாவக நோன்பும்



நம்மவருள் பெரும்பாலோர்க்கு வேர் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் இருக்கிறது. அவ்வூர்களில் நம் முன்னோர் வாழ்ந்த காலத்தில் வெளியில் சென்று உண்ணலாமா என்பது ஒரு வினாவாகவே எழுந்ததில்லை. தம் வயலில் விளைந்த நெல், கொல்லையில் காய்த்த காய், தொழுவத்துப் பசுவின் பால், துணியிட்டு வடித்த கிணற்று நீர் ஆகியவற்றால் அமைந்தது அவர்தம் உணவு. பொழுது சாயுமுன் அடுப்பு அணைந்துவிடும். மேல்சித்தாமூருக்குத் திருவிழாக் காணச் சென்றாலும் வழியில் ஓர் உறவினர் இல்லம் இருக்கும். இல்லையேல் கையில் கட்டுச்சோறு இருக்கும்.

இன்று நிலைமை வேறு. ஆசிரியப் பணி, வங்கிப் பணி, திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலை, பொன்மலை இரயில்வே பணிமனை எனப் பிழைப்பு அழைத்த இடத்துக்கெல்லாம் நம் பிள்ளைகள் சென்றிருக்கின்றனர். சுற்றிலும் நம்மவர் இல்லாத தெருவில் ஒற்றைக் குடும்பமாய் வாழ்கின்றனர். வாரம் ஆறு நாளும் ஓடி உழைத்த வீட்டில், ஏழாம் நாள் மாலை ஒரு குரல் எழுகிறது: "இன்றைக்கு ஓட்டலுக்குப் போகலாமா?"

கொள்ளிடத்துக்கு வடக்கே துறையூர்ச் சாலையில் உள்ள மண்ணச்சநல்லூரில், அவ்வாறு வாழும் நம்மவர் குடும்பம் ஒன்றில் சில நாள் தங்க நேர்ந்தது. மண்ணச்சநல்லூரை அரிசியின் ஊர் என்றே நாடு அறியும். தெருவுக்குத் தெரு ஆலை. நெல் அவியும் மணம் விடியலிலேயே எழுந்துவிடும். காயவைத்த நெல்லைக் களத்தில் காலால் கிளறியபடி நடக்கும் பெண்களைக் காணலாம். மண்ணச்சநல்லூர்ப் பொன்னி என்று மூட்டையில் அச்சிட்டால் அதற்கு அறிமுகம் வேண்டியதில்லை. அந்த வீட்டு மருமகள் ஒரு மாலை நம்மிடம் கேட்டார்:

"ஞாயிற்றுக்கிழமை மாலையில் குழந்தைகள் திருச்சிக்குப் போய்ச் சாப்பிடலாம் என்கிறார்கள். அத்தை விளக்கு வைத்தபின் எதையும் தொடமாட்டார்கள். அவர்களை வீட்டில் தனியே விட்டுப் போகவும் மனம் வரவில்லை. கூட்டிப்போய் வெறும் மேசைக்கு முன்னால் உட்கார வைக்கவும் மனம் வரவில்லை. எது பாவம் என்று நீங்களே சொல்லுங்கள்."

எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்றே பலரும் நம்மைக் கேட்பர். வெங்காயம் ஆகுமா, உருளைக்கிழங்கு ஆகுமா, கத்தரிக்காய் ஆகுமா என்று பட்டியல் நீளும். இவ்வம்மையாரோ யாரோடு உண்பது என்று கேட்டார். நோன்பு ஒருபுறம், குடும்பம் மறுபுறம் என்று இரண்டும் இழுபடும் இடத்தில் நின்று கேட்டார். ஆதலால் அவர் வினாவுக்கு விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறோம்.

விடை தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. மண்ணச்சநல்லூரிலிருந்து கொள்ளிடப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள், கோவலனையும் கண்ணகியையும் புகாரிலிருந்து காவிரியின் வடகரை வழியே அழைத்து வந்து சேர்ந்தது இந்த ஆற்றிடைக்குறையில்தான். சாரணரைக் கண்டு அறம் கேட்டதும், பின் ஓடமேறித் தென்கரை சேர்ந்து உறையூர் புகுந்ததும் இங்கிருந்தே. இன்றைய மலைக்கோட்டைப் பாறையிலும் சமண முனிவர்தம் கற்படுக்கைகள் உள்ளன. பள்ளி என்று முடியும் ஊர்ப் பெயரை நாள்தோறும் பேருந்துப் பலகையில் படித்துக்கொண்டே நாம் போகிறோம்.

புறப்படுமுன் கவுந்தியடிகள் வழியைப் பற்றிச் சில சொல்கிறார். வயல் வழியே சென்றால் நத்தையும் நண்டும் காலடியில் பட்டு நசுங்கக்கூடும். அப்பழி தாங்கத்தக்கதன்று என்கிறார். சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும் என்கிறார். இத்தனை இடர் இருக்கிறது, ஆகவே வீட்டிலேயே இருங்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. தாமும் உடன் நடந்தார். வெளியே போகவே கூடாது என்று சட்டம் பேசும் நம் பெரியவர்கள் சிலர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அப்பயணத்தின் முடிவில் மதுரைப் புறஞ்சேரியில், மாதரி என்னும் ஆயர் குல முதுமகளிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறார் அடிகள். அங்கேதான் நம் பொருளுக்கு நேரே உரிய காட்சி வருகிறது. கோவலன் சாவக நோன்பு உடையவன் என்பதை மாதரி அறிந்துகொள்கிறாள். சாவகர் என்பது சிராவகர். இல்லறத்தில் இருந்து விரதம் காப்பவர். தன் குல மகளிரிடம் அவள் சொல்வது, இவர்கள் பகற்பொழுதிலே உண்ணும் உணவை ஆக்குதற்குரிய நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுங்கள் என்பது. இவ்விடத்துக்குப் பகலுணவு என்றே உரையாசிரியர் பொருள் கொள்வர். புதுக்கலங்கள் வருகின்றன. பலா, வெள்ளரி, மாதுளை, மா, வாழை, சாலி அரிசி, பசு தந்த பயன் ஆகியவையும் வருகின்றன. அன்பர்கள் இப்பட்டியலை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். எல்லாம் கொடியிலும் மரத்திலும் கதிரிலும் விளைந்தவை. மண்ணை அகழ்ந்து, செடியின் உயிரைப் பறித்து எடுத்த பொருள் ஒன்றுகூட இல்லை. இளங்கோவடிகள் தெரிந்தே இப்படி அமைத்திருக்கிறார்.

ஐயை வைக்கோலிட்டு அடுப்பு மூட்டுகிறாள். கண்ணகி காய் அரிந்து விரல் சிவக்கிறாள். வாழையிலை விரித்துக் கணவனுக்கு உணவு படைக்கிறாள். அதுவே அவன் உண்ட இறுதி உணவு என்பதை நாம் அறிவோம். அந்தத் துயரத்தினால் நம் கண்ணுக்கு மறைந்துபோவது ஒன்று உண்டு. மாதரி நம் சமயத்தவள் அல்லள். அவள் குலத்தார் மாயவனைப் பாடி ஆடுபவர். ஆயினும் விருந்தினரின் நோன்பு இன்னது, அதற்கு நேரம் இன்னது என்று தெரிந்துகொண்டு, கேலி இன்றி, தாமதம் இன்றி ஏற்பாடு செய்கிறாள். வேற்றார் இடத்தில் உண்பதனால் மட்டும் நோன்பு கெட்டுவிடும் என்றால், இளங்கோவடிகள் இக்காட்சியை எழுதியிருக்கமாட்டார். அந்நோன்பு நின்றது நேரத்தினால். விருந்தினர் மறைக்காமல் சொன்னதனால். விருந்தளித்தவள் அதை மதித்ததனால்.

இனி இன்றைய உணவகத்துக்கு வருவோம்.

தீவினை மூவழியில் வந்து சேரும் என்பது நாம் சிறுவயதிலேயே கற்றது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல். வீட்டு அடுக்களையில் முதலாவது நம் கண்முன் நிற்கிறது. மண்ணச்சநல்லூரில் நாம் தங்கிய வீட்டில், அரிசியை முறத்தில் பரப்பி, ஊர்ந்து வரும் வண்டுகளை ஒதுக்கி, தவிட்டோடு நிழலில் கொண்டுபோய் விடுவதைக் கண்டோம். அரிசி ஊரிலேயே வாழ்பவர்கள் அரிசி வண்டின்மேல் இவ்வளவு பொறுமை காட்டுவது அரிது. கீரையை ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்து ஆய்கிறார்கள். உணவகத்திலோ இவை எதுவும் நம் பார்வைக்கு வருவதில்லை. அங்கே அரைக்கப்படுவதும் அவிக்கப்படுவதும் சுவருக்கு அப்பால். நம் கைக்கு வருவது தட்டும் விலைச்சீட்டும் மட்டுமே. கண்ணில் படாததனால் செய்வித்தல் இல்லையென்று ஆகிவிடாது. ஆகவே வெளியில் உண்ணும்போது சிராவகர்க்குக் கவனம் கூடுதலாக வேண்டும். பொதுவாக நடப்பதோ இதற்கு மாறானது. வீட்டில் ஆயிரம் விதி பார்ப்பவரும் மேசைமுன் அமர்ந்ததும், இன்று ஒருநாள்தானே என்று விட்டுவிடுகிறார்.

அந்த வினாவைக் கேட்ட வாரமே அக்குடும்பத்தார் திருச்சிக்குச் சென்றனர். நம்மையும் அழைத்தனர். ஐப்பசி மாதம், பிற்பகல் பெய்த மழை ஓய்ந்திருந்தது. எல்லாரும் ஆயத்தமாகிப் பேருந்தேறி நகரத்தை அடைகையில் மணி ஏழு. உணவகம் நல்ல உணவகம், தூய்மையானது. பெயர் இங்கே வேண்டா. எல்லார்க்கும் தண்ணீர் வைத்தனர். பாட்டியும் நாமும் மட்டும் வெறுமனே அமர்ந்திருந்தோம். பரிமாறுபவர் இருமுறை வந்து, "உங்களுக்கு என்னம்மா?" என்று பாட்டியைக் கேட்டுவிட்டுச் சென்றார். மூன்றாம் முறை கேட்கவில்லை.

கைகழுவும் இடத்துக்கு மேலே நீல ஒளி வீசும் விளக்கொன்று இருந்தது. அதைச் சூழ்ந்த கம்பிவலையில் மின்சாரம் ஓடும். ஒளியை நாடி வரும் பூச்சி அதில் பட்டதும் பட்டென்று ஓர் ஒலி. மழைக்காலம் ஆனதால் அவ்வொலி ஓயவே இல்லை. ஆறு வயதுப் பேரன் கேட்டான்:

"பாட்டி, அது என்ன சத்தம்?"

"விளக்கைத் தேடி வந்த பூச்சிடா கண்ணு."

"அதுவும் சாப்பிட வந்ததா?"

பாட்டி விடை சொல்லவில்லை. பையன் தோசை வரும்வரை அந்த ஒலியை எண்ணிக்கொண்டிருந்தான். தோசை வந்ததும் மறந்துவிட்டான். குழந்தை அப்படித்தான்.

உணவகத்தாரைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. உணவில் பூச்சி விழாமல் காப்பது அவர் கடமை. தூய்மை விதிகளும் அதையே கேட்கின்றன. ஆனால் நம் இளைஞர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதத்துக்கு அந்த நீல விளக்கு விடையாக அமைந்தது. அகல் விளக்கின் மங்கலில் பூச்சி கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக வைத்த விதி மின்விளக்கு வந்தபின் எதற்கு என்பர். உண்பவர் வாயில் பூச்சி போகாமல் காப்பது மட்டும் இவ்விதியின் நோக்கம் என்றால் அவ்வாதம் சரியே. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், நால்வகை உணவையும் இரவில் நீப்பவனைச் சொல்லும் இடத்தில், உயிர்களிடத்து இரங்கும் உள்ளத்தையே காரணமாகச் சொல்கிறார். நம் உடல்நலம் அங்கே காரணமாக வரவில்லை. விளக்கு பெருகப் பெருக வந்து மடியும் உயிரும் பெருகுகிறது. காவிரிப் பாசனப் பகுதியில் சம்பாப் பயிர் நிற்கும் மாதங்களில் இது எல்லாரும் காண்பது. வயலில் விளக்குப்பொறி வைத்துப் பூச்சியைக் கணிப்பதும் பிடிப்பதும் உழவர் அறிந்த முறை. மழை முடிந்த இரவில் ஒளிவெள்ளத்தில் நிற்கும் நகரத்து உணவகம், யாரும் எண்ணாமலே அத்தகைய பொறியாகிவிடுகிறது. ஆடி தொடங்கிக் கார்த்திகை வரையுள்ள நான்கு மாதம் துறவியர் ஓரிடத்தில் தங்குவதும், அக்காலத்தில் இல்லறத்தாரும் விரதங்களைக் கூட்டிக்கொள்வதும் இதே காரணம் பற்றியவை.

ஆக, அம்மையாரின் வினாவுக்கு நாம் சொன்ன விடை மிக எளியது. போங்கள், பொழுதோடு போங்கள்.

அத்தையைத் தனியே விட்டதும், வெறும் மேசைமுன் அமர்த்தியதும் உணவகம் செய்த வேலையன்று. ஏழு மணி செய்த வேலை. அதே குடும்பம், அதே பேருந்தில், அதே இடத்துக்கு நாலரை மணிக்குச் சென்றால் ஐந்து இலையும் நிறையும். திருச்சிப் பகுதியில் கார்த்திகை மாதத்தில் கதிரவன் மறைவது மாலை 5.50 மணி அளவில். ஆனி மாதத்தில் 6.40 மணி அளவில். கண்டிப்பாக நோற்பவர் அதற்கும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னரே கைகழுவிவிடுவர். எனவே மழைக்காலத்தில் ஐந்து மணிக்குள்ளும், கோடையில் ஐந்தே முக்காலுக்குள்ளும் உண்டு முடித்தால், மேசையில் உள்ள மூத்தவர் முதல் இளையவர்வரை ஒருவரும் விலகி இருக்க வேண்டுவதில்லை. நம் நகரங்களில் மாலைச் சிற்றுண்டி பல உணவகங்களில் மூன்று, நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறது. நேரத்தை மாற்ற மறுப்பது தொலைக்காட்சியும் உச்சிவெயில் உறக்கமும்தாம்.

சென்னைச் சௌகார்பேட்டை முதலிய இடங்களிலும் பெருநகர விடுதிகளிலும் இப்போது ‘ஜெயின்’ என்று குறித்த பண்டங்கள் கிடைக்கின்றன. வெங்காயம், பூண்டு, கிழங்கு சேராதவை என்பது அதன் பொருள். வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய நம் சமயச் சகோதரர்கள் கேட்டுக் கேட்டுப் பெற்ற வசதி அது, பாராட்டத்தக்கதே. ஆயினும் அந்தக் குறிப்பில் நேரம் இல்லை. இரவு பத்து மணிக்கும் அது மேசைக்கு வரும். கைப்பேசியில் கேட்டால் வீட்டு வாசலுக்கே வரும். பண்டத்தை மட்டும் பார்க்கும் நோன்பு பாதி நோன்பே. நம் பாட்டிமார் ‘ஜெயின் உணவு’ என்ற சொல்லையே கேட்டிராதவர். கதிரவனைப் பார்த்து அடுப்பை அணைத்தவர்.

சில திங்கள் கழித்து அவ்வம்மையார் தொலைபேசியில் பேசினார். மாலை நான்கு மணிக்கே புறப்பட்டுத் திருவானைக்காவுக்குச் சென்றார்களாம். நெய் ரோஸ்டுக்கென்றே பெயர்பெற்று 1943 முதல் நடந்துவரும் பார்த்தசாரதி விலாஸ் உள்ள ஊர் அது. ஐந்து பேரும் உண்டார்கள் என்றார். "அத்தை என்ன சாப்பிட்டார்கள்?" என்று கேட்டோம். இரண்டு இட்லி என்று சொல்வார் என்று எதிர்பார்த்தோம். "நெய் ரோஸ்ட் கேட்டார்கள். முழுதும் சாப்பிட்டார்கள்," என்றார் சிரித்துக்கொண்டே. நமக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. எழுபது வயதுக்குமேல் மொறுமொறுப்பான தோசை ஒன்றில் ஆசை இருந்தால் அதில் தவறு காண்பவர் யார்? இத்தனை காலம் அந்த ஆசையை ஒருவரும் கேட்டறியவில்லை என்பதே வியப்பு.

சுவையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். ஒருமுறை துய்த்து ஒழிவது போகம்; மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். உணவு முதல்வகை, உடை இரண்டாம் வகை. இவற்றுக்கு எல்லை வகுப்பது போகோபபோக பரிமாண விரதம். அந்த எல்லை வாழ்நாள் முழுமைக்கும் இருந்தால் யமம்; ஒருநாள், ஒருமாதம், ஒருபருவம் என்று காலவரை இருந்தால் நியமம். தமிழில் அருங்கலச்செப்பும் இவ்வறங்களையே கூறுகிறது. நியமம் என்னும் இந்த வாயிலை ஆசாரியர்கள் திறந்து வைத்தது நம்போன்ற எளியவர்க்காகவே. உணவகத்தில் நம் கைக்குத் தரும் பட்டியல் அட்டையில் நூறு பண்டம் இருக்கும். அதைப் பிரிக்குமுன், இன்று இரண்டு பண்டம் என்று மனத்தில் முடிவுசெய்துகொண்டு பிரித்துப் பாருங்கள். அட்டையைப் படித்தபின் எண்ணிக்கை வகுப்பது கடினம். முன்னரே வகுத்தால் எளிது. குழந்தைகளிடம் இதை ஒரு விளையாட்டாகச் சொன்னால் நம்மைவிட உறுதியாக நிற்பர். தம்பி மூன்றாவது கேட்டால் அக்காள் விடமாட்டாள்! இலையில் மிச்சம் வைக்காமல் உண்பதும் இதனோடு தானே வந்துவிடும்.

இரவுப் பணி பார்ப்போர், மருத்துவர் சொற்படி உண்ண வேண்டிய நோயாளர் ஆகியோர்க்கு அன்றாடம் பொழுதோடு உண்பது இயலாமற்போகலாம். அவர்கள் அட்டமி, சதுர்த்தசி நாள்களிலோ விடுமுறை நாளிலோ மட்டும் இந்நியமத்தை ஏற்கட்டும். அவர்களைப் பார்த்து நரகத்தின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் வழக்கத்தைப் பெரியவர்கள் விட்டுவிடவேண்டும். நோன்பு பிறரை அடிக்கும் கோலாகிவிட்டால், மேசையை விட்டு முதலில் எழுந்து போவது நம் பேரப்பிள்ளைகளே.

பட்டியல் அட்டையில் வேறொன்றும் நம் கண்ணில் பட்டது. கோபி 65, காளான் சுக்கா என்று புலால் உணவின் பெயரைச் சுமந்த காய்கறிப் பண்டங்கள். கோழி வறுவலுக்கு 65 என்ற பெயர் சென்னைப் புகாரி உணவகத்தில் 1965-இல் பிறந்ததாகச் சொல்வர். அந்த எண் இன்று பூக்கோசுக்கும் வந்துவிட்டது. இதைக் கண்டு சில அன்பர்கள் யசோதர காவியத்தை நினைவூட்டி, இது மாக்கோழி அன்றோ என்று நம்மிடம் கேட்டதுண்டு. தாய் சந்திரமதி சொல்லுக்கு இணங்கி மாவினால் கோழி செய்து பலியிட்டான் யசோதரன். அதன் பயனாய்த் தாயும் மகனும் மயிலும் நாயுமாய்ப் பிறந்து, பின்னும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். அங்கே உயிருள்ள கோழி ஒன்றும் மடியவில்லை. கொல்லும் எண்ணத்தோடு வாள் ஓங்கப்பட்டது. அவ்வெண்ணமே வினையாயிற்று. கோபி 65 கேட்கும் சிறுவன் உள்ளத்தில் அந்த எண்ணம் இல்லை. அவன்மேல் யசோதரன் வினையைச் சுமத்துவது மிகை. எனினும் கறியின் பெயரும் கறியின் நிறமும் கறியின் சுவையும் நாவுக்குப் பழகிவிட்டால் வெறுப்பு மெல்லத் தேயும் என்பதை மறுக்க இயலாது. தடுப்பதைவிட அந்தக் கதையை அவனுக்குச் சொல்வது நன்று. உணவு வரும்வரை மேசையில் காத்திருக்கும் நேரம் அதற்குப் போதும். பூக்கோசின் மடிப்புகளில் புழு தங்கும் என்பதனால் அதை விலக்குவோர் நம்மில் பலர். அது வேறு செய்தி.

வெங்காயம் முதலியவற்றை நோன்பு காரணமாக விலக்குவோர் அதைக் கேட்டுப் பெறுவதிலும் ஒரு பண்பு வேண்டும். சாம்பாரைக் கொண்டுவந்து ஊற்றியபின் முகம் சுளித்துத் தட்டைத் தள்ளுவது மாதரிக்கு நாம் செய்யும் நன்றியாகாது. அமர்ந்தவுடன் சொல்லிவிடவேண்டும். சாம்பாரில் சின்ன வெங்காயம் பெரும்பாலும் இருக்கும். மசாலா தோசைக்குள் உருளைக்கிழங்கு இருக்கும். தேங்காய்ச் சட்னி, மிளகாய்ப்பொடி, தயிர், வெண்பொங்கல் ஆகியவற்றில் எதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது அடுக்களைக்கு அடுக்களை மாறும். கேட்டால் சொல்வார்கள். நம் தமிழ்நாட்டு உணவகங்களில் ஏகாதசிக்காரர், ஐயப்ப விரதக்காரர், அமாவாசை விரதக்காரர் என எத்தனையோ பேர் வெங்காயம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, அவ்வேண்டுகோள் எவர்க்கும் புதிதாயில்லை. திருவரங்கத்தில் கேட்கவே வேண்டா.

கேட்கப்படுபவரைப் பற்றியும் எண்ணிப் பார்க்கவேண்டும். அதிதி சம்விபாகம் என்னும் விரதப்படி, இல்லறத்தான் விருந்தினர்க்கு அளித்த பின்னரே தான் உண்பான். உணவகத்தில் பரிமாறுபவர் நாள்தோறும் நூற்றுக்கணக்கானவர்க்கு அளித்தபின் உண்கிறார். அவர் விரும்பி ஏற்ற விரதமன்று அது. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக் கூட்டத்தில் அவர் ஓடுகிறார். தோசைக் கல்லின்முன் நிற்பவர் வியர்வையில் நனைகிறார். கடைசி மேசையைத் துடைத்து விளக்கணைக்கும்போது பத்தரையோ பதினொன்றோ ஆகும். அதன்பின்தான் அவர்க்குச் சோறு. இரவு நேரத்துப் பசி இத்தனை பேரையும் கூட்டி நிறுத்துகிறது என்பதும் செய்வித்தல் கணக்கில் சேர்ந்ததே.

நாலரை மணிக்கு அந்தக் கூட்டம் இராது. மேசைகள் பாதி காலியாய் இருக்கும். நீல விளக்கு இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் அதை நாடி வரும் உயிர் மிகக் குறைவு. பரிமாறுபவர் நின்று பேசுவார். எந்தச் சட்னியில் எது சேரும் என்று உள்ளே போய்க் கேட்டுவந்து சொல்வார். பாட்டிக்குத் தோசையை இன்னும் கொஞ்சம் முறுகலாக வார்க்கச் சொல்லவா என்றும் கேட்பார்.